டவரில் ஏறாமலே கோளாறு கண்டுபிடிக்கலாம்

நம் சங்கத்துக் குடும்பங்களில் டெலிகாம் வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. "எங்கேப்பா வேலை?" என்று ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி கேட்டால், "நாக்கில் இருக்கேன் பாட்டி" என்று பதில் வரும். பாட்டி குழம்பிப் போவாள். நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டர் என்ற மூன்று சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'நாக்' என்று சொல்வது எங்கள் தொழில் வழக்கம். இரவு பகலாக ஷிஃப்ட் முறையில் கம்ப்யூட்டர் திரைகளைப் பார்த்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் டவர்களின் உடல்நிலையைக் கவனிக்கும் இடம் அது. நானும் நவி மும்பையில் அப்படி ஒரு 'நாக்'கில் பல வருடங்கள் வேலை பார்த்தவன். மும்பை, புனே நகரங்களோடு ரத்னகிரி, சிந்துதுர்க் பக்கத்துக் கொங்கண் டவர்களும் எங்கள் பொறுப்பில் இருந்தன.

"அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு டவரில் என்ன பழுது என்று எப்படிச் சொல்ல முடியும்?" என்று நண்பர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் சொல்ல முடியும். எப்படி என்பதை நம் வாசகர்களுக்குப் புரியும்படி எழுத முயல்கிறேன். எல்லாப் பழுதுகளையும் பற்றி எழுத இடம் போதாது. ஆண்டெனாவுக்குப் போகும் கேபிளில் வரும் கோளாறை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒன்றில்தான் ஒரு மனிதன் அறுபது மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி அடங்கியிருக்கிறது.

டவரில் என்ன இருக்கிறது?

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அதுவே இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அந்த நாளில் நமக்கு வரும் அழைப்புக்கும் நாமேதான் காசு கொடுக்க வேண்டியிருந்தது நினைவிருக்கலாம். 2003 மே மாதம்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது. அதன்பிறகு செல்போன் எல்லோர் கைக்கும் வந்தது. டவர்களும் மளமளவென்று முளைத்தன.

டவரின் உச்சியில் நீளவாக்கில் பலகை போலத் தொங்குபவைதான் ஆண்டெனாக்கள். சாதாரணமாக மூன்று திசைகளுக்கு மூன்று. ஒவ்வொரு திசையையும் செக்டர் என்போம். பழைய முறையில் ரேடியோ கருவிகள் டவருக்குக் கீழே ஓர் அறையில் இருக்கும். அங்கிருந்து ஆண்டெனா வரை தடித்த செப்புக் கேபிள் ஏறும். 'செவன் பை எய்ட்' என்று கூப்பிடுவோம். 7/8 அங்குலம் என்பது அதன் அளவு. நடுவில் செப்புக் கம்பி, சுற்றிலும் நுரை போன்ற பிளாஸ்டிக், அதற்கு வெளியே நெளிநெளியான செப்புக் குழாய், அதன்மேல் கறுப்பு உறை. இரண்டு முனைகளிலும் வளைந்து கொடுக்கும் மெல்லிய கேபிள் துண்டுகள் உண்டு. இவற்றுக்கு ஜம்பர் என்று பெயர்.

இந்தக் கேபிள் நல்ல நிலையில் இருந்தாலும் கொஞ்சம் சக்தியைத் தின்றுவிடும். 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 4 டெசிபெல் நஷ்டம். 60 மீட்டர் டவரில் கீழிருந்து 20 வாட் அனுப்பினால், உச்சிக்குப் போய்ச் சேருவது 11 அல்லது 12 வாட்தான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

கேபிளுக்கு முதல் எதிரி தண்ணீர். கனெக்டர் இருக்கும் இடங்களிலெல்லாம் ரப்பர் டேப்பும் பி.வி.சி. டேப்பும் மாற்றி மாற்றிச் சுற்றவேண்டும். அறைக்குள் நுழையும் முன் கேபிளைத் தொட்டில் போலக் கீழே வளைத்து விடவேண்டும். அப்போதுதான் கேபிள் வழியே வழியும் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். இடி மின்னலுக்காகக் கேபிளின் உறையை ஓரிடத்தில் சீவி, எர்த் பட்டையைப் பூட்டுவார்கள். அவசரத்தில் கத்தி ஆழமாகப் பட்டுவிட்டால் உள்ளே இருக்கும் செப்புக் குழாயும் கிழியும். கோடையில் ஒன்றும் தெரியாது. ஜூன் மாதம் கொங்கண் மழை தொடங்கியதும் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும்.

திரும்பி வரும் அலை

கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருகிறதல்லவா? கேபிளிலும் அப்படித்தான். எல்லா இணைப்பும் சரியாக இருந்தால் நாம் அனுப்பும் சக்தி ஆண்டெனா வழியாக வெளியே போய்விடும். எங்காவது கேபிள் நசுங்கியிருந்தால், கனெக்டர் தளர்ந்திருந்தால், தண்ணீர் புகுந்திருந்தால், சக்தியில் ஒரு பங்கு முட்டிக்கொண்டு திரும்பி வரும். போனது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்பதை ரேடியோவே அளந்து ஓர் எண்ணாகச் சொல்லும். அதற்குப் பெயர் வி.எஸ்.டபிள்யு.ஆர்.

இந்த எண் 1 என்றால் எதிரொலியே இல்லை. 1.5 என்றால் 100-ல் 4 பங்கு திரும்புகிறது. 2 என்றால் 11 பங்கு. 3 என்றால் கால் பங்கு. ஒரு வரம்பை வைத்து, அதைத் தாண்டினால் 'நாக்'கின் திரையில் அலாரம் அடிக்கும்படி செய்திருப்பார்கள். 1.5 என்று வைத்துக்கொள்வோம்.

அலாரம் அடித்தால் பழுது, அடிக்காவிட்டால் நலம் என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் நினைப்பார்கள். இங்கேதான் மேலே சொன்ன கணக்கு வருகிறது. எதிரொலி போகும்போதும் கேபிள் சக்தியைத் தின்னும், வரும்போதும் தின்னும். ஆகவே 60 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா வாயிலில் 2 என்ற அளவுக்குக் கோளாறு இருந்தால், கீழே இருக்கும் ரேடியோவுக்கு அது 1.5-க்குச் சற்றுக் குறைவாகவே தெரியும். அலாரம் வராது. மேலே கேபிள் முழுவதுமே அறுந்து தொங்கினாலும் கீழே 3.7-க்கு மேல் காட்டாது. இன்னொரு வேடிக்கை, கேபிள் நெடுக ஈரம் ஊறிவிட்டால் எதிரொலியையும் அந்த ஈரமே விழுங்கிவிடும். நோய் முற்றியிருக்கும், ஆனால் எண் அழகாக இருக்கும்.

இதையே திருப்பிப் போட்டால் ஒரு துப்பு கிடைக்கிறது. அத்தனை நீளக் கேபிளில் 3.7-ஐத் தாண்டி எண் வருகிறது என்றால், கோளாறு உச்சியில் இருக்க முடியாது. கீழ்ப்பக்கம்தான் தேட வேண்டும்.

ஒரு கொங்கண் டவரின் கதை

2009 மழைக்காலத்தில் நடந்தது. மலைப்பாதை ஓரமாக ஒரு 60 மீட்டர் டவர். அதில் ஒரு செக்டரில் மட்டும் மழை பெய்யும் நாளெல்லாம் அலாரம் வரும். வெயில் அடித்தால் மாயமாகிவிடும். காண்டிராக்ட் எடுத்திருந்த கம்பெனி மூன்று முறை ஆளை மேலே ஏற்றிவிட்டது. முதல் முறை டேப் மாற்றினார்கள். இரண்டாம் முறை ஜம்பர் மாற்றினார்கள். மூன்றாம் முறை ஆண்டெனாவையே மாற்றினார்கள். மழை விட்ட நேரம் பார்த்து ஏறியதால் ஒவ்வொரு முறையும் அளவு சரியாகவே வந்தது. பழுது தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மழையில் மறுபடியும் அலாரம்.

மூன்று முறையும் ஏறியவர் தாராவியில் பிறந்து வளர்ந்த நெல்லைக் குடும்பத்துத் தம்பி. நான்காவது முறை போகச் சொன்னபோது எனக்குப் போன் செய்தார். "அண்ணாச்சி, மேல பாசி புடிச்சுக் கெடக்கு, காத்து ஆளத் தள்ளுது. எல்லாத்தையும் மாத்தியாச்சு. இன்னும் எதை மாத்தணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

நான் அந்த செக்டரின் ஒரு மாத அளவுகளை எடுத்துப் பார்த்தேன். மழை தொடங்கி அரைமணி, முக்கால்மணி கழித்துத்தான் எண் ஏறத் தொடங்குகிறது. மழை நின்ற பிறகும் பல மணி நேரம் இறங்குவதில்லை. எங்கோ தண்ணீர் சேர்ந்து, தேங்கி, மெல்ல வடிகிறது என்று அர்த்தம். அதைவிட முக்கியம், கனமழையில் எண் 5 வரை போயிருக்கிறது. உச்சியில் கோளாறு என்றால் 5 வரவே வழியில்லை.

"ஏறாதீங்க தம்பி. மழை பெய்யட்டும். ரூமுக்குள்ளேயே கேபிளைக் கழற்றி மீட்டரைப் போட்டுப் பாருங்க" என்றேன். இங்கிருந்தே அந்த செக்டரை நிறுத்தி வைத்தேன். கேபிள் கழற்றும்போது ரேடியோ ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. அவர் சைட் மாஸ்டர் என்ற கைக்கருவியை மாட்டிப் பார்த்தார். கோடு நான்கு மீட்டர் தூரத்தில் செங்குத்தாக எழும்பி நின்றது. அறைக்கு வெளியே, ஆள் உயரத்தில் எர்த் பட்டை பூட்டிய இடம். மழை ஓய்ந்ததும் டேப்பைப் பிரித்தபோது, செப்புக் குழாயில் கத்தி வெட்டும், வெட்டுக்குள் பச்சை பூத்த தண்ணீரும் இருந்தன. அந்தத் துண்டை நீக்கிப் புதிய கனெக்டர் போட்டார்கள். ஏணிகூடத் தேவைப்படவில்லை.

செலவானது ஓர் ஆண்டெனாவும் சில டேப் சுருள்களும் மட்டுமல்ல. கூலிக்கு வேலை செய்யும் ஓர் இளைஞர் மழைக்காலத்தில் மூன்று முறை தேவையில்லாமல் அந்த உயரத்துக்குப் போய் வந்தார். ஒன்றும் ஆகவில்லை என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

தூரத்தை எப்படி அளக்கிறார்கள்?

வெற்றிடத்தில் ரேடியோ அலை ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். நாம் சொன்ன கேபிளுக்குள் அதில் 100-க்கு 88 பங்கு வேகம். பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேபிளில் அனுப்பி, எதிரொலி ஒவ்வொன்றிலும் எப்படி மாறுகிறது என்று பார்த்துக் கணக்குப் போட்டால், எதிரொலி கிளம்பிய தூரம் கிடைத்துவிடும்.

எவ்வளவு அகலமான அலைவரிசையை ஓட்டுகிறோமோ, அவ்வளவு நுட்பமாகத் தூரம் தெரியும். கைக்கருவியில் 200 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஓட்டினால் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கோளாறுகளைப் பிரித்துச் சொல்லலாம். பிற்காலத்து ரேடியோக்கள் சிலவற்றில் இந்தச் சோதனையை 'நாக்'கிலிருந்தே நடத்தும் வசதி வந்தது. ஆனால் ரேடியோ தனக்குரிய அலைவரிசைக்குள்தான் ஓட்ட முடியும். 25 மெகாஹெர்ட்ஸ் என்றால் 5 மீட்டருக்குள் இருப்பதைப் பிரித்துக் காட்டாது. பரவாயில்லை. மேலேயா, நடுவிலா, கீழேயா என்று தெரிந்தால் போதும். ஆளை ஏற்றுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்துவிடலாம்.

எதிரொலி சொல்லாததைச் சொல்லும் அடையாளங்கள்

ஒரு செக்டரில் நம் போன் அனுப்பும் அலையைக் கேட்க இரண்டு காதுகள் உண்டு, அதாவது இரண்டு தனித்தனிக் கேபிள்கள். நாள் முழுவதும் சராசரி பார்த்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு கேட்க வேண்டும். ஒரு காது மட்டும் தொடர்ந்து 5, 6 டெசிபெல் மந்தமாக இருந்தால், அலாரம் இல்லாவிட்டாலும் அந்தக் கேபிளைச் சந்தேகிக்கலாம். வாடிக்கையாளர் அனுபவத்தில் இது எப்படித் தெரியும்? போனில் கோடு நிறைய இருக்கும். எதிரில் இருப்பவர் பேசுவது நமக்குக் கேட்கும். நாம் பேசுவது அவருக்குப் போகாது.

இன்னொன்று, தளர்ந்த அல்லது துருப்பிடித்த கனெக்டர். அதன் வழியே இரண்டு அலைவரிசைகள் சேர்ந்து போகும்போது, இரண்டும் கலந்து மூன்றாவது ஒன்று பிறக்கும். உதாரணமாக 935, 960 மெகாஹெர்ட்ஸ் இரண்டையும் அனுப்பினால், 935-ன் இரட்டிப்பிலிருந்து 960-ஐக் கழித்த 910-ல் ஓர் இரைச்சல் எழும். 890 முதல் 915 வரை போன்களின் குரலைக் கேட்பதற்கு ஒதுக்கிய இடம். சொந்த வீட்டுக்குள்ளேயே திருடன் புகுந்த கதைதான். எண்ணைப் பார்த்தால் 1.2 என்று சாதுவாக இருக்கும்.

இதைப் பிடிக்க நாங்கள் இரவைப் பயன்படுத்துவோம். கூட்டம் அதிகமான மாலையில் இரைச்சல் ஏறி, பின்னிரவு மூன்று மணிக்கு இறங்கிவிட்டால் குற்றவாளி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். மூன்று மணிக்கும் குறையாமல் இருந்தால், பக்கத்துக் கட்டிடத்தில் யாரோ அனுமதியில்லாமல் மாட்டிய சிக்னல் பூஸ்டரைப் போல வெளியிலிருந்து வருவது. சந்தேகம் தீராவிட்டால் ஆள் அரவமற்ற நேரத்தில் செயற்கையாகச் சுமையைக் கொடுத்துப் பார்ப்போம். சுமையோடு இரைச்சலும் ஏறினால் கனெக்டரைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கேபிள்களை மாற்றி மாட்டிவிடுவதும் உண்டு. வடக்கு செக்டரின் கேபிள் தெற்கு ஆண்டெனாவுக்குப் போய்விடும். எந்த அலாரமும் அடிக்காது. ஆனால் வடக்கே உள்ள டவருக்குக் கைமாற வேண்டிய அழைப்புகள் தெற்கு டவரோடு கைமாற முயன்று அறுந்துபோகும். கைமாறும் கணக்கை எடுத்துப் பார்த்தாலே இந்தக் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்றைய நிலை

இப்போது பெரும்பாலான இடங்களில் ரேடியோவையே ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மாட்டிவிட்டார்கள். தடித்த செப்புக் கேபிளுக்குப் பதில் கண்ணாடி இழையும், 48 வோல்ட் மின்கம்பியும் மேலே போகின்றன. செப்புக் கேபிள் தின்ற சக்தி மிச்சம். 2022 அக்டோபர் 1 அன்று நம் நாட்டில் தொடங்கிய 5ஜி-யில் பல இடங்களில் ரேடியோவும் ஆண்டெனாவும் ஒரே பெட்டி. இடையில் ஜம்பரே இல்லை.

கோளாறுகள் மட்டும் இடம் மாறிவிட்டன. இழையின் முனையில் தூசி படிந்தால், அதிகமாக வளைந்தால், அணில் கடித்தால், ஒளி மங்கும். ஒவ்வொரு முனைக்கும் எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்பது 'நாக்'கில் தெரியும். 3 டெசிபெல் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். மேலே வந்து சேரும் வோல்ட் அளவைப் பார்த்து மின்கம்பியின் இணைப்பு எப்படி இருக்கிறது என்றும் சொல்லலாம்.

ரேடியோ மேலே போய்விட்டதால், சில பழுதுகளுக்கு ஏறுவதைத் தவிர்க்க முடியாது. அப்போது 'நாக்'கில் இருப்பவரின் கடமை வேறு. என்ன சாமான் எடுத்துப்போக வேண்டும், எந்த செக்டர், எந்த முனை என்று திட்டமாகச் சொல்லி அனுப்பினால் ஒரே ஏற்றத்தில் வேலை முடியும். மேலே போனபின் "அது இல்லை, வேறு கொண்டுவா" என்றால் அந்த மனிதர் இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும்.

நம் வாசகர்களுக்கு

டெலிகாமில் சேரும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அலாரம் வந்தவுடன் டிக்கெட் போட்டு ஆளை அனுப்புவது சுலபம். பத்து நிமிடம் செலவழித்து ஒரு மாத அளவுகளைப் பாருங்கள். மழைக்கும் நேரத்துக்கும் பொருத்திப் பாருங்கள். சந்தேகத்தின் பேரில் ஒருவரை மேலே ஏற்றாதீர்கள். ஏறும்போது இரண்டு கொக்கிகளில் ஒன்று எப்போதும் மாட்டியிருக்கிறதா, அந்த செக்டர் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். சர்வீஸ் எத்தனை நிமிடம் நின்றது என்று மேலிடம் கேட்கும். அதற்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி பக்கம் சொஸைட்டி கமிட்டியில் இருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மொட்டைமாடியில் டவர் இருந்தால், வாட்டர்புரூஃபிங் வேலையோ பெயிண்டிங் வேலையோ தொடங்கும் முன் டவர்காரர்களுக்குத் தகவல் கொடுங்கள். கேபிளை மிதிக்கவோ இழுத்துக் கட்டவோ வேண்டாம் என்று வேலையாட்களிடம் சொல்லுங்கள். செம்பு எர்த் பட்டை காணாமல் போயிருந்தால் உடனே தெரிவியுங்கள். அது திருட்டுப் போவது அபூர்வமல்ல. மின்னல் நாளில் அதுதான் உங்கள் கட்டிடத்தையும் காக்கிறது.

மழை இரவில் சிக்னல் போய், கஸ்டமர் கேரில் "காலையில் சரியாகிவிடும்" என்று சொன்னால் கோபம் வருவது இயற்கைதான். மழையிலும் இருட்டிலும் இடி மின்னலிலும் யாரும் டவரில் ஏறக்கூடாது என்பது விதி. விடிந்து, மழை விட்டு, இரும்பு காய்ந்தபிறகுதான் ஆள் ஏறுவார். அதுவரை பக்கத்து வீட்டுப் போனில் பேசிக்கொள்ளலாம்.